முந்தல் வரை

போடிநாயக்கனூர்
பங்குனி மாதம், ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் பவித்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளை யோகராஜும் அந்தக் குளிர் ஊரில் காய்ச்சல் தலைவலி என்று எதுவும் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும், காலையில் விளக்கேற்றும்போது நான் கேட்பது அதை மட்டும்தான். இந்தப் பார்சலில் ஏலக்காயும் இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்திருக்கிறேன், ஊறுகாய்ப் பாட்டில் வாயைத் துணி வைத்துக் கட்டியிருக்கிறேன், பார்த்துப் பிரி. இங்கே இலவங்காய் வெடிக்க ஆரம்பித்துவிட்டது, வாசலைக் கூட்டி முடிப்பதற்குள் பஞ்சு மறுபடி வந்து ஒட்டிக்கொள்கிறது. உன் சித்தப்பா பேச்சிமுத்து இந்த வருஷமும் மாந்தோப்பைக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறான், பூ நன்றாகப் பிடித்திருக்கிறது, கோடை மழை அடித்துக் கொட்டாமல் இருந்தால் சரி. ராசிங்காபுரத்து ராக்கு அத்தை உன்னை விசாரித்தாள், அவளுக்கு மூட்டுவலி பரவாயில்லை. எனக்கு அங்கன்வாடி வேலைக்குப் போகச் சிலமலை பஸ்சு நேரம் மாறிவிட்டது, மற்றபடி அங்கே குறையொன்றும் இல்லை. நீ நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி சோறாவது பொங்கி ரசம் ஊற்றிச் சாப்பிட்டுப் படு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒன்று கேட்டாய். ஓட்டத்த விட்டுரும்மா, வயசாகுது, ஒத்தையில கெடந்து என்ன பண்ணப் போற, வீட்டப் பூட்டிட்டு இங்க வந்து எங்களோட இருந்துரு என்றாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பதில் சொல்வதென்றால் முதலில் இருந்து சொல்ல வேண்டும், நீ பாதியிலேயே நர்சாக மாறி எங்க வலிக்குது, வீங்கியிருக்கா, மாத்திரை என்ன போட்ட என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். லீவு நாளில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

எனக்குச் சர்க்கரை வந்து டாக்டர் நடக்கச் சொன்னதும், நடந்து நடந்து அலுத்துப்போய் ஒருநாள் சும்மா ஓடிப் பார்த்ததும், உன் அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்ததும் உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்தது உனக்கு அவ்வளவாகத் தெரியாது, அப்போதே நீ ஊரை விட்டுப் போய்விட்டாய். மெயின் ரோட்டில் விடியும் முன்னே பொம்பளை ஒருத்தி தனியாக ஓடினால் நாயும் விரட்டும், நாலு பேர் ஒரு மாதிரி பார்க்கவும் செய்வார்கள், அதனால் உன் அப்பா தினமும் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வருவார். வண்டி அந்த மெதுவில் நிற்காது என்று இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வருவார், ஒரு வருஷத்தில் எத்தனை செருப்புத் தேய்ந்ததோ. அவர் வண்டி வெளிச்சத்தில் என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக ஓடும். வெளிச்சம் வந்ததும் அவர் என்னைத் தாண்டிப் போய் அடிவாரத்து முந்தலில் மலை ரோடு பிரிகிற இடத்தில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். நான் போய்ச் சேரும்போது எனக்குச் சர்க்கரை இல்லாத டீ தயாராக இருக்கும். திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்துவிடுவேன். அந்த டீக்கடைதான் எங்களுக்கு ஊட்டி, கொடைக்கானல் எல்லாம்.

அவர் வேலை பார்த்த ஏலக்காய் ஸ்டோரில் மூட்டையில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார் என்பது உனக்குத் தெரிந்ததுதான். பதினாறாம் நாள் முடிந்து நீ பிளேன் ஏறியதும் நான் ஓடத் தொடங்கினேன், ஆனால் முந்தல் பக்கம் போகவில்லை, சிலமலை ரோட்டில் ஓடினேன். காலையில் ஓடினேன். வேலை முடிந்து வந்து வீட்டைத் திறந்தால் உள்ளே இருக்க முடியவில்லை, அதனால் சாயங்காலமும் ஓடினேன். உனக்குக் காலை ஓட்டத்தை மட்டும்தான் சொல்வேன். ஓடுகிற நேரத்தில் மூச்சைத் தவிர வேறு நினைப்பு வராது, அந்த ஆசுவாசத்துக்காக நான் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்தபோது தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன். வலி இருந்தது ஒருவகையில் துணையாகக்கூட இருந்தது, இதை உன்னிடம் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. பிறகு ஒருநாள் ரோட்டோரத்தில் காலை ஊன்ற முடியாமல் பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டேன், சிலமலை பஸ்சு கண்டக்டர் கைத்தாங்கலாக ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். தேனியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் மயிரிழை மாதிரி கீறல் விட்டிருக்கிறது, அடிபட்டு வந்ததில்லை, ஓயாமல் ஓடியே வந்தது என்றார் டாக்டர். காலைத் தரையில் அழுத்தி வைக்கக் கூடாது என்றார், அங்கன்வாடிக்கு லீவு போட்டேன்.

அந்த மாதங்களில் நீ தினமும் போன் பண்ணினாய், நானும் நன்றாக இருக்கிறேன் என்றே சொன்னேன். ராக்கு அத்தை வந்து கொஞ்ச நாள் கூட இருந்தாள், கடலை எடுக்கும் நேரம் வந்ததும் அவளும் போக வேண்டியதாயிற்று, அவளைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வீடு எனக்கு ரொம்பப் பெரிதாகிவிட்டது. அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு போய் வருவதற்கே ஒரு காலைப்பொழுது போகும். ஒருத்திக்கு மாவு அரைத்தால் புளித்துப்போகும், அரைக்காமல் விட்டால் அன்றைக்குச் செய்யச் சோலியே இருக்காது. டிவியைச் சத்தத்துக்காகப் போட்டு வைத்திருப்பேன், என்ன ஓடுகிறதென்று பார்க்க மாட்டேன். ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பினார், நான் அவரிடம் வாஷர் சரியாக இருக்கிறதா பாருங்கள், டியூப் பழசா பாருங்கள், அடுப்பை ஒருதரம் பற்றவைத்துப் பாருங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தி வைத்தேன். எல்லாம் நல்லாத்தாங்க்கா இருக்கு என்று சொல்லிவிட்டு அவர் போன பிறகுதான், அன்று பொழுது விடிந்ததிலிருந்து நான் பேசிய ஒரே ஆள் அவர் என்பது எனக்கு உறைத்தது. விடிகாலையில் படுத்திருக்கும்போது மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் ரோட்டில் இருந்திருக்க வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

கீறல் கூடிவிட்டது என்று சொல்லி நடக்க விட்டார்கள். இங்கே போடியிலேயே பிசியோதெரபி பார்க்கிற சுசித்ரா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், அவள்தான் எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். ஒரு கரண்டுக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓடணும், அப்புறம் ரெண்டு கம்பம் நடக்கணும், வலிச்சா அந்த எடத்துலயே நின்னு திரும்பிரணும், அடுத்த நாள் கட்டாயம் ஓடக் கூடாது என்றாள். உன் அப்பா இருந்தபோது மதுரையில் ஓட்டப் போட்டிக்குப் போய் மெடல் வாங்கிய எனக்கு அது அவமானமாக இருந்தது. ஓட ஆரம்பித்து உடம்பு சூடேறுவதற்குள் கம்பம் வந்துவிடும். சிலமலை ரோட்டில் தெரிந்த முகங்கள் அதிகம், அதனால் கம்பங்களை எண்ணி ஓடுவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று பழையபடி முந்தல் ரோட்டுக்கே போனேன், ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடுவேன். அங்கே ஒருநாள் எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப்பு ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவள், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், தலையை வெளியே நீட்டி, எங்கத்தா போன இத்தன நாளா, ஒன்னக் காணோம்னு நாங்க தெனமும் பேசிக்கிட்டே போவோம் என்றாள். அவள் பெயர் கருப்பம்மாள். எனக்கு அவர்களில் ஒருவர் முகமும் தெரியாது, வெளிச்சம் வராத நேரத்தில் ஜீப்பு ஜீப்பாகத்தான் தெரியும். அவர்களுக்கு நான் இல்லாதது தெரிந்திருக்கிறது. காலுல கீறல் விட்டுருச்சு என்று சொன்னேன். பைய ஓடு, எங்க போகப் போற என்றாள், ஜீப்பு கிளம்பிவிட்டது. நான் அன்று திரும்பி நடக்கும்போது சேலைத் தலைப்பு இல்லாததால் சட்டைக் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்படியே கம்பம் கம்பமாகக் கூட்டி நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தேன். ஐப்பசியில் உன் அப்பாவின் வருஷத் திதி வந்தது. சித்தப்பா குடும்பம், அத்தை குடும்பம் எல்லாரும் வந்தார்கள், நீ வீடியோவில் பார்த்தாய். சாயங்காலம் எல்லாரும் சாப்பிட்டு இலை எடுத்துப்போட்டுவிட்டுப் பஸ்சுக்கு நேரமாகிறது என்று வெரசா கிளம்பிவிட்டார்கள். மறுநாள் ஓய்வு நாள், ஓடக் கூடாது. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. விடிவதற்கு முன் போனைக்கூட எடுக்காமல் கிளம்பி முந்தல் வரைக்கும் போய்விடுவது என்று ஓடினேன். நடக்க வேண்டிய கம்பங்களிலும் ஓடினேன். பாதி தூரம் தாண்டியதும் கெண்டைக்காலில் சுண்டி இழுத்தது, அதற்கு மேல் ஒரு அடி வைக்க முடியவில்லை, தூறலும் பிடித்துக்கொண்டது. ரோட்டோரக் கல்லில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம் காலைப் பற்றியதாக இல்லை. இப்படியே உட்கார்ந்திருந்தால் என்னைக் காணோம் என்று தேடுவதற்கு வீட்டில் யாரும் இல்லை என்பதுதான் பயமாக இருந்தது.

கருப்பம்மாள் வந்த ஜீப்புதான் நின்றது. டிரைவர் அழகுராஜா, இவங்கள மலைக்குக் கொண்டுபோய் விடணும், திரும்ப வழியில்லையே என்று தலையைச் சொறிந்தார். லேட்டானால் மேலே கங்காணி திட்டுவார், அது எனக்கும் தெரியும், போங்க நான் பாத்துக்கிறேன் என்றேன். கருப்பம்மாள் அதைக் காதில் வாங்காமல் இறங்கி, மழைக்குத் தன் தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கொங்காணியை எடுத்து என் தலையில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள். எதிரே ஊருக்கு இறங்கும் வண்டி ஏதாவது வரும் வரைக்கும் ஜீப்பு நின்றது. அப்போது அவள் கேட்டாள், ஏந்தாயி, நாங்க வகுத்துப் பாட்டுக்கு மல ஏறுறோம், நீ எதுக்கு இப்பிடி விழுந்தடிச்சு ஓடுற என்றாள். நான் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டேன். சர்க்கரை என்று சொல்லியிருக்கலாம். வீட்டுல ஆளில்லையா என்றாள். இல்லை என்றேன். அவள் கொங்காணியை என் நெற்றி வரை இழுத்துவிட்டு, எனக்கும் இல்ல, அதான் லீவு போடுறதே இல்ல என்றாள். பிறகு ஒரு பால் வண்டி இறங்கி வந்தது, அழகுராஜா கையைக் காட்டி நிறுத்தி என்னை முன்சீட்டில் ஏற்றிவிட்டார். கங்காணி அன்றைக்கு அவர்களை என்ன சொன்னாரோ, பிறகு நான் கேட்டபோது அதெல்லாம் ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டார்கள்.

எலும்புக்கு ஒன்றும் இல்லை, தசைதான். ஆனால் சுசித்ரா என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தலை தூக்க முடியவில்லை. அவள் ஒன்று கேட்டாள். ஓடுற நாள விடுங்கம்மா, ஓடாத நாள்ல நீங்க என்ன பண்றீங்க என்றாள். என்னத்தச் செய்ய, வீட்ல இருப்பேன் என்றேன். அத மொதல்ல பழகுங்க, அது பழகலன்னா இந்தக் கால் ஒங்களுக்குத் தாங்காது என்றாள். பவித்ரா, நான் ஓடப் பழகியது ஒரு வாரத்தில். ஓடாமல் வீட்டில் இருக்கப் பழகுவதற்கு மார்கழியும் தையும் போய்விட்டது. மறுபடி ஒரு கம்பத்திலிருந்து ஆரம்பித்தேன், ஓய்வு நாளில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் எல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் அப்பா சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டேன், பீரோவைத் துடைத்தேன், அவர் படுக்கிற பக்கம் கட்டிலில் ஒருநாள் படுத்துப் பார்த்தேன், தூக்கம் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரம் நெஞ்சை என்னவோ செய்யும். ஆனால் எழுந்து ஓடிவிடுவதில்லை, இருந்து பார்க்கிறேன், அது தானாக இறங்கிவிடுகிறது.

போன வியாழக்கிழமை முந்தல் வரை ஓடினேன். சுசித்ரா சரி என்று சொன்ன பிறகுதான் ஓடினேன், திரும்பிப் பஸ்சில்தான் வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். இலவ மரத்துப் பஞ்சு ரோடெல்லாம் உருண்டுகொண்டிருந்தது, மாந்தோப்புகளில் பூ வாசம். கருப்பம்மாள் ஜீப்பு என்னைத் தாண்டும்போது உள்ளே இருந்து கைகள் ஆடின. கால் வலிக்கவில்லை. வேகமெல்லாம் இல்லை, பின்னால் வந்த சைக்கிள்காரர் கூட மணியடித்து முந்திக்கொண்டு போனார். டீக்கடைக்கு முன்னால் போய் நின்றபோது மூச்சு வாங்கியது, யார் கையையாவது பிடித்து வந்துட்டேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. கடைக்காரர் சின்னமுத்து பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வாங்கக்கா, எவ்வளவு நாளாச்சு, என்ன அண்ணன் வண்டியக் காணோம், பின்னாடி வர்றாரா என்று கேட்டுக்கொண்டே இரண்டு கிளாசைக் கழுவி எடுத்து வைத்தார். அவருக்குத் தெரியாது. நாங்கள் போடியிலிருந்து வருகிறோம் என்பதைத் தவிர அவருக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. உன் அப்பா இறந்ததை இந்த ஒன்றரை வருஷத்தில் நான் ஒருவரிடமும் என் வாயால் சொன்னதில்லை. ஸ்டோரிலிருந்து ஆள் வந்து எனக்குச் சொன்னார்கள், ஊருக்கு ஊரே சொன்னது, உனக்குச் சித்தப்பா போனில் சொன்னான், நீ என்னிடம் பேசும்போது உனக்குத் தெரிந்திருந்தது, இரண்டு பேரும் அழுதோம். சொல்ல வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. அந்தக் கடை வாசலில் நின்று, அவரு எறந்துட்டாரு தம்பி, போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில என்று சொன்னேன். என் குரலில் அது எனக்கே புதிதாகக் கேட்டது. சின்னமுத்து உள்ளேயிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, உக்காருங்கக்கா என்றார். ஒங்களப் பத்தித்தான் பேசுவாரு, எம் பொண்டாட்டி ஓடுறா, ஒங்க ஊர்ல எவளாவது ஓடுறாளான்னு டீக்குடிக்க வர்றவன்கிட்டயெல்லாம் கேப்பாரு, எனக்கே சலிச்சுப் போகும் என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. வீட்டில் என்னிடம் மெதுவா ஓடு, செருப்பு தேயுது என்பதைத் தவிர அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அழுதேன், சிரிக்கவும் சிரித்தேன், டீயைக் குடித்தேன், பஸ்சு ஏறி வந்துவிட்டேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். கோடை லீவில் வருகிறேன், மாப்பிள்ளையிடம் சொல்லி டிக்கெட் பார்க்கச் சொல், ஒரு மாதம் இருந்து உங்கள் இரண்டு பேருக்கும் சமைத்துப் போடுகிறேன், உன் ஊரில் ஓடவும் செய்வேன், குளிருக்கு என்ன போட வேண்டும் என்று விசாரித்து வை. ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரேயடியாக வர மாட்டேன். இந்த வீட்டில் இருக்க இப்போதுதான் பழகியிருக்கிறேன், அதை விட்டுவிட்டு வந்தால் அங்கேயும் எனக்கு இருக்கத் தெரியாது. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், வருத்தப்படுவாய், அதுவும் தெரியும். இங்கே எனக்குத் தனிமை இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது, இருக்கட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, வீட்டில் பேச்சும் சிரிப்பும் குறையாமல், நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும். குலசாமி கூட இருந்து காக்கட்டும். தண்ணீரைச் சுட வைத்துக் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. மறக்காமல் ஒன்று. அப்பா போன பிறகு நீயும் நானும் போனில் அவரைப் பற்றிப் பேசுவதே இல்லை, நான் அழுவேன் என்று நீயும், நீ அழுவாய் என்று நானும் சாப்பாட்டையும் மழையையும் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அடுத்த தடவை கூப்பிடும்போது அவரைப் பற்றி ஏதாவது கேள், ஆத்தா. என்ன வேண்டுமானாலும் கேள். இப்போது எனக்குச் சொல்ல வருகிறது.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா கற்பகம் மகாராஜன்